திருகோணமலையில் இருந்துகொண்டே ஒரு சிக்கல் தொகுதி மாதிரியைச் செய்து முடிக்க: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஊரில் டெங்கு பரவுவது, கடலில் மீன் குறைவது போலப் பல பாகங்கள் ஒன்றையொன்று பாதித்து முழுமையில் ஒரு கோலத்தை உருவாக்குபவை சிக்கல் தொகுதிகள். அவற்றைக் கணினியில் உருவகித்துப் பார்ப்பதுதான் மாதிரி. இந்தப் பெயரைக் கேட்டதும் கணிதத்தை நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். உயர்தரத்தில் வகையீடு படித்தவருக்கு இந்தக் கணிதம் போதுமான அளவு பிடிபடும். காலத்தைத் தின்பது மற்ற வேலைகள். தரவு கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், பதில் வராத மின்னஞ்சலைத் திரும்ப அனுப்ப வேண்டும், "இந்தப் பரமானத்துக்கு (மாதிரிக்கு நாம் கொடுக்கும் எண்ணுக்கு) ஏன் இந்தப் பெறுமானம்?" என்று கேட்பவருக்கு ஆதாரம் தேட வேண்டும். இவற்றை எந்த ஒழுங்கில் செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் நான் நன்றாக அலைந்தேன். நீங்கள் அலையத் தேவையில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இறுதி வருடச் செயற்றிட்டம் செய்பவர், பாடசாலையில் கணிதமோ உயிரியலோ படிப்பிக்கும் ஆசிரியர், டெங்கு வேலையில் இருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மீன்பிடி பற்றி யோசிப்பவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். இந்தத் துறையின் வரலாறு இங்கே இல்லை. அதற்கு வேறு இடங்கள் உண்டு.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"திருகோணமலையில் டெங்கு" என்பது தலைப்பு. அதை வைத்து மாதிரி செய்ய முடியாது. "கிண்ணியாவில் நீர்த்தொட்டிகளைத் துப்புரவாக்கும் நாளை மழை தொடங்கி இரண்டாம் வாரத்துக்கு முன்னே கொண்டுவந்தால் உச்ச வார நோயாளர் தொகை எவ்வளவு குறையும்?" என்பது கேள்வி. இதில் இடம், மாற்றக்கூடிய ஒரு விஷயம், அளக்கக்கூடிய ஒரு விளைவு ஆகிய மூன்றும் இருக்கின்றன. இந்த மூன்றும் இல்லாத வரியைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

அதன் கீழே இன்னொரு வரி: எந்தக் கோலம் வந்தால் மாதிரி சரி என்று ஒப்புக்கொள்வீர்கள்? உதாரணமாக, வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிறது, நோயாளர் தொகை சில வாரம் பிந்தி ஏறுகிறது. இந்தப் பிந்தல் உங்கள் மாதிரிக்குள் தானாக உருவாக வேண்டும். நீங்களே கையால் பிந்தலைத் திணித்தால் அந்த மாதிரி எதையும் விளக்கவில்லை. சிக்கல் தொகுதி என்று நாம் சொல்வதன் சாரமே இதுதான்: தனித்தனிப் பாகங்களின் எளிய விதிகளிலிருந்து, எந்தப் பாகத்திலும் எழுதப்படாத ஒரு கோலம் முழுமையில் எழும்புகிறது.

2. கேள்விக்கு ஏற்ற வகையைத் தெரிவுசெய்யுங்கள்

பௌதிகம் படித்தவர் எல்லாவற்றையும் சமன்பாடாக்குவார். கணினி படித்தவர் எல்லாவற்றையும் முகவர்களாக்குவார், அதாவது தனித்தனி விதிப்படி நடக்கும் ஆட்களாகவோ பொருட்களாகவோ கணினிக்குள் வைப்பார். இரண்டும் பழக்கதோஷம். கேள்வியைப் பார்த்து முடிவெடுங்கள்.

மொத்த அளவு காலத்தோடு கூடிக் குறைவதுதான் கேள்வி என்றால் வகையீட்டுச் சமன்பாடுகள் போதும். மீன் வளத்துக்கு, மீன் பெருகுவதையும் பிடிபடுவதையும் ஒரே சமன்பாட்டில் சொல்லும் ஷேஃபரின் மாதிரியே நல்ல தொடக்கம். வளர்ச்சி வீதம் 0.4, கடல் தாங்கக்கூடிய உச்சம் 1000 தொன் என்று எடுத்தால், இரண்டையும் பெருக்கி 4 ஆல் வகுக்க, வருடத்துக்கு 100 தொன் வரை வளம் குலையாமல் பிடிக்கலாம் என்று வரும். இங்கே ஒரு பொறி உண்டு. பிடிபாட்டுத் தொகையை மட்டும் வைத்து இதைச் செய்யாதீர்கள். எத்தனை வள்ளம், எத்தனை நாள் என்ற முயற்சித் தரவும் வேண்டும். வள்ளங்கள் கூடியதால் பிடிபாடு அப்படியே நிற்க, கடலுக்குள் சூடை குறைந்துகொண்டே போகலாம். பிடிபாட்டு வரைபில் அது தெரியாது.

ஆளுக்காள் வித்தியாசம் முக்கியம், இடமும் முக்கியம் என்றால் முகவர் அடிப்படை மாதிரி. டெங்கு இதற்குள் வரும். நுளம்பு தூரம் பறப்பதில்லை. பாடசாலைக்கும் சந்தைக்கும் போய்வரும் மனிதர்தான் வைரசை ஊருக்கு ஊர் காவுகிறார். யார் யாரோடு தொடர்பு என்பதுதான் கேள்வி என்றால் வலையமைப்பு மாதிரி. பஸ் பாதைகள், கடன் கொடுக்கல் வாங்கல், வதந்தி பரவல் போன்றவை அதில் அடங்கும். பற்றைக்காட்டுத் தீ, பவளப்பாறை வெளிறல் போன்ற பக்கத்துக்குப் பக்கம் பரவும் விஷயங்களுக்குக் கலத் தன்னியக்கி என்கிற கட்டம் போட்ட மாதிரி.

எதிர்வுகூறலுக்கு எல்லை உண்டு என்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் எக்செல்லில் பத்து நிமிடம் செலவழியுங்கள். ஒரு நிரலில் 0.2 என்றும் பக்கத்து நிரலில் 0.200001 என்றும் தொடங்குங்கள். அடுத்த நிரையில் 3.9 × முந்தியது × (1 − முந்தியது) என்று போட்டு 50 நிரை வரை இழுங்கள். முதலில் இரண்டும் ஒன்றாகவே போகும். 30, 40 படிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் ஆகிவிடும். 3.9 இற்குப் பதில் 2.9 போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தில் அடங்கிவிடும். "உங்கள் மாதிரி அடுத்த வருடம் எத்தனை பேர் என்று சொல்லுமா?" என்று பரீட்சகர் கேட்கும்போது இந்த வரைபு உதவும்.

3. மாதிரி எழுத முன் கடிதங்களை அனுப்புங்கள்

இந்தப் படியை யாரும் முதலில் சொல்வதில்லை. கோட் எழுதி முடித்த பிறகு தரவு கேட்டால் செமஸ்டர் முடிந்துவிடும். கேள்வி எழுதிய அதே கிழமையில் கடிதங்களை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை மற்ற வேலையைப் பாருங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: மேற்பார்வையாளரோ துறைத்தலைவரோ கையொப்பமிட்ட கடிதம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, மாணவர் அல்லது உத்தியோக அடையாள அட்டைப் பிரதி, இரண்டு பக்க ஆய்வுச் சுருக்கம், கேட்கும் தரவின் பட்டியல். அந்தப் பட்டியலில் "டெங்குத் தரவு" என்று எழுதினால் வேலைக்காகாது. எந்தப் பிரிவு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, வாராந்தமா மாதாந்தமா, என்ன வடிவில் என்று விபரமாக எழுதுங்கள். கொழும்புக்குப் போகும் கடிதத்தோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியை இணையுங்கள். ஒரு பணிமனையில் என் தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக்கொண்டு கோப்புக்குள்ளேயே கிடந்தது. தமிழில் எழுதுவது நம் உரிமை, சந்தேகமில்லை. ஆனால் செமஸ்டர் அந்த உரிமைக்காகக் காத்திருக்காது.

கடிதமே தேவையில்லாத தரவும் உண்டு. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கையை இலவசமாக பி.டி.எஃப். வடிவில் வெளியிடுகிறது. அதில் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர் பிரிவு வாரியாக நோயாளர் தொகை இருக்கும். மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு நிரல்கள் உண்டு. 'ஏ' அந்த வாரத் தொகை, 'பி' வருடத் தொடக்கத்திலிருந்து கூட்டுத்தொகை. அடுத்தடுத்த வார 'பி' களைக் கழித்துப் பார்த்து, 'ஏ' உடன் ஒத்துப்போகாத வாரங்களைக் குறித்து வையுங்கள். இரண்டாவது, அம்பாறையும் கல்முனையும் அதில் தனித்தனியே வரும், கிழக்கு மாகாணத்தைக் கூட்டும்போது கல்முனையை விட்டுவிடாதீர்கள். மூன்றாவது, திருகோணமலை என்று வருவது மாவட்டம் முழுதுக்கும். கிண்ணியா, மூதூர் என்று பிரித்து வேண்டுமானால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்குக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும்.

மழைத் தரவுக்கு வளிமண்டலவியல் திணைக்களம் கட்டணம் அறவிடும். தொகை எத்தனை நிலையம், எத்தனை வருடம், நாளாந்தமா மாதாந்தமா என்பதைப் பொறுத்தது. முதலில் எழுத்தில் விலை கேளுங்கள், மாணவர் என்பதற்கான கடிதத்தையும் அதோடு வையுங்கள். காசு இல்லையென்றால் செய்மதி சார்ந்த இலவசத் தரவு இருக்கிறது. நாசா பவர் தளத்தில் அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23 என்று கொடுத்தால் 1981 இலிருந்து நாளாந்த மழை எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக இறங்கும். ஆனால் அதன் ஒரு பெட்டி ஏறக்குறைய அரைப் பாகைக்கு அரைப் பாகை, அதாவது 50 கிலோமீற்றருக்கும் மேல். நகரமும் கந்தளாயும் ஒரே பெட்டிக்குள் விழக்கூடும். சிர்ப்ஸ் என்ற மழைத் தரவுத்தொகுதி இன்னும் நுணுக்கமானது, பெட்டி 5 கிலோமீற்றர் அளவில் இருக்கும், அதுவும் 1981 இலிருந்து கிடைக்கிறது. உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரத்துக்குச் சிர்ப்ஸைத்தான் சொல்வேன்.

கடிதத்துக்குப் பதிலே இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். படிவம் இருக்கிறது, வெறும் கடிதமாகவும் கொடுக்கலாம், பெற்றுக்கொண்டதற்கான துண்டை மறக்காமல் வாங்குங்கள். இதை முதல் ஆயுதமாகத் தூக்க வேண்டாம். அதே பணிமனைக்கு அடுத்த மாதமும் நீங்கள் போக வேண்டியிருக்கும்.

மனிதரை நேர்காண்பதென்றால் ஆய்வு ஒழுக்கவியல் குழுவின் அனுமதி தேவை. முன்மொழிவு, வினாக்கொத்து, தமிழிலும் சிங்களத்திலும் சம்மதப் படிவம், மேற்பார்வையாளரின் கடிதம், அவருடைய சுயவிபரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். குழு தினமும் கூடாது, எனவே அடுத்த கூட்டத் திகதியைக் கேட்டு அதற்கு ஏற்ப வேலையை ஒழுங்குபடுத்துங்கள். அனுமதிக்கு முன் எடுத்த நேர்காணலைப் பின்னர் பயன்படுத்த முடியாது. மீனவரிடம் பேசுவதென்றால் கடல் கொந்தளிக்கும் கார்த்திகை முதல் தை வரை நல்ல காலம், ஆள் கரையில் இருப்பார். சித்திரைக்குப் பிறகு நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வாடி போட வருகிறவர்களும் உங்கள் மாதிரிக்குள் வர வேண்டுமா என்று முன்பே தீர்மானியுங்கள். கிண்ணியாவில் வெள்ளிக்கிழமையும் கத்தோலிக்கக் கரைகளில் ஞாயிறும் ஆளைக் கரையில் பிடிக்கலாம். வலை பொத்திக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சுத் தானாக வரும்.

4. கணினியும் மென்பொருளும்

செலவு இங்கே பூச்சியத்துக்குக் கிட்ட. 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய லப்டொப் போதும். முகவர் மாதிரிக்கு நெட்லோகோ என்ற மென்பொருள் இலவசம், ஓநாய்–ஆடு, தீ, வைரஸ், போக்குவரத்து என்று ஆயத்த மாதிரிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. இன்ஸ்டோல் செய்ய வழியில்லையென்றால் உலாவியிலேயே ஓடும் பதிப்பும் உண்டு. 7 ஆம் பதிப்பில் சேமித்த கோப்பை 6 திறக்காது, ஆகவே மேற்பார்வையாளரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். சமன்பாட்டு மாதிரிக்கு வென்சிம் பி.எல்.ஈ. கல்விக்கு இலவசம். பைதன் நிரல்மொழி தெரிந்தவருக்கு முகவர் மாதிரிக்கு மேசா, வலையமைப்புக்கு கெஃபி.

படிக்க, சிக்கல் தொகுதிகளை ஆராயும் அமெரிக்காவின் சாந்தா ஃபே நிறுவனத்தின் கொம்ப்ளெக்சிட்டி எக்ஸ்புளோரர் தளத்தில் மெலனி மிச்சல் நடத்தும் அறிமுகப் பாடநெறி இலவசம், அதுவும் நெட்லோகோவையே பாவிக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும். காணொளிகளை இரவு டேட்டாவில் பார்ப்பது மலிவு.

5. கோட்டுக்கு முன் ஓ.டி.டி. ஆவணம்

ஓ.டி.டி. என்பது மாதிரியைத் தாளில் விவரித்து எழுதும் முறை. மேலோட்டம், வடிவமைப்புக் கருத்துகள், விவரங்கள் என்று மூன்று பகுதி கொண்ட இந்த நெறிமுறையை வோல்கர் கிரிமும் கூட்டாளிகளும் 2006 இல் வெளியிட்டார்கள், கடைசியாக 2020 இல் புதுப்பித்தார்கள். மாதிரியில் யார் யார் இருக்கிறார்கள், ஒரு படி என்பது எத்தனை நாள், ஒவ்வொரு படியிலும் என்ன எந்த ஒழுங்கில் நடக்கிறது, எழுமாறு (தற்செயல்) எங்கே வருகிறது, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும்.

கோட் முடிந்த பின் இதை எழுதுகிறவர்கள்தான் அதிகம். முன்பே எழுதினால் கோட் எழுதும் வேலை பாதியாகும் என்பது என் அபிப்பிராயம். டெங்குவையே எடுங்கள். மழை பெய்து முட்டை பொரித்து நுளம்பாக 7 முதல் 10 நாள். நோயாளியைக் குத்திய நுளம்புக்குள் வைரஸ் முதிர 8 முதல் 12 நாள். அந்த நுளம்பு குத்தியவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். கூட்டிப் பாருங்கள்: குறைந்தது 19, கூடினால் 32 நாள், அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போகும் தாமதம். தாளில் இதை எழுதியவர் இந்த வார மழையை இந்த வார நோயாளரோடு ஒப்பிட மாட்டார். ஒரு படி ஒரு மாதம் என்றும் வைக்க மாட்டார், வைத்தால் இத்தனை பிந்தலும் ஒரே படிக்குள் அமுங்கிப்போகும்.

6. எழுதும்போது விழும் குழிகள்

நெட்லோகோவின் உலகம் தொடக்கத்தில் விளிம்பு ஒட்டியதாக இருக்கும். கிழக்கே போன முகவர் மேற்கால் திரும்பி வருவார். திருகோணமலை வரைபடத்தைப் போட்டு இதை மாற்றாமல் விட்டால், டச்சுக் குடாவிலிருந்து கிழக்கே நீந்திய மீன் தம்பலகாமத்து வயலுக்குள் முளைக்கும். அமைப்புகளில் இரண்டு பக்க ஒட்டுதலையும் நிறுத்துங்கள். நகரத்தில் மூன்று பக்கம் கடல் என்பதையும் மறக்க வேண்டாம், கடல் கட்டத்தில் நுளம்பு முட்டையிடக் கூடாது.

எழுமாற்று விதையை, அதாவது தற்செயல் எண்களைக் கணினி உருவாக்கத் தொடங்கும் எண்ணை, குறித்து வையுங்கள். அதே விதையைக் கொடுத்தால் அதே ஓட்டம் திரும்ப வரும். பிழை தேட இதைவிட நல்ல வழி இல்லை.

பிறகு ஆசை. பள்ளிக்கூடம் சேர்க்கலாம், பஸ் சேர்க்கலாம், நகரத்துப் புள்ளிமான்களைக்கூடச் சேர்க்கலாம் என்று தோன்றும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பரமானத்தைக் கொண்டுவரும், அவற்றுக்குத் தரவு இருக்காது. முதலாம் படியில் எழுதிய கேள்விக்கு அது தேவையா என்று கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. ஓட்டங்களுக்கு நேரம் கணக்கிடுங்கள்

ஒரு ஓட்டத்தின் முடிவை முடிவாக எழுதுவதுதான் புதியவர்கள் செய்கிற மிகப் பெரிய பிழை. எழுமாறு உள்ள மாதிரியில் ஒரே அமைப்பைப் பல தடவை ஓட்டி, இடையையும் நியம விலகலையும் தர வேண்டும். நெட்லோகோவுக்குள் பிஹேவியர்ஸ்பேஸ் என்ற கருவி இதைத் தானாகச் செய்யும். இரண்டு பரமானம், ஒவ்வொன்றுக்கும் 5 பெறுமானம், ஒவ்வொரு சேர்க்கைக்கும் 30 தடவை என்றால் 750 ஓட்டம். ஒன்றுக்கு 20 செக்கன் என்றால் 15,000 செக்கன், நாலு மணித்தியாலத்துக்கு மேல். மூன்றாவது பரமானமும் அதே போலச் சேர்ந்தால் இருபது மணித்தியாலம் தாண்டும். கரண்ட் போகும் ஊரில் இதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டுங்கள், முடிவுகளை ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கோப்பில் எழுதுங்கள்.

8. சரிபார்க்க ஒரு பகுதித் தரவை ஒளித்து வையுங்கள்

எந்த வருடங்களை வைத்துப் பரமானங்களைச் சரிக்கட்டினீர்களோ அதே வருடங்களைக் காட்டி "பொருந்துகிறது" என்று சொல்லாதீர்கள். சில வருடங்களைத் தொடாமல் வைத்து, கடைசியில் அவற்றோடு ஒப்பிடுங்கள்.

2017 தனிக் கதை. அந்த வருடம் நாடு முழுதும் 186,000 இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள், ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா கடுமையாக அடிபட்டது. டெங்கு வைரசில் நாலு வகை உண்டு. அந்த வருடம் பரவலில் மேலோங்கியது இரண்டாம் வகை, அதற்கு எதிர்ப்புச்சக்தி இல்லாதவர்கள் ஊரில் நிறைய இருந்தார்கள். மழையை மட்டும் உள்ளீடாகக் கொண்ட மாதிரியை 2017 இற்குப் பொருந்தும்படி வளைத்தால் மற்ற எல்லா வருடத்துக்கும் மிகையாகச் சொல்லும். அந்த வருடத்தைத் தனியே ஓட்டி, ஏன் பொருந்தவில்லை என்று ஒரு பந்தி எழுதுங்கள். நல்ல பரீட்சகர் அந்தப் பந்தியைத்தான் முதலில் வாசிப்பார்.

9. வெளியிடுதல்

கோட்டையும் ஓ.டி.டி. ஆவணத்தையும் கொம்செஸ் என்ற, மாதிரிகளுக்கான இணைய நூலகத்தில் இலவசமாக ஏற்றலாம். மீளாய்வுக்கும் கொடுக்கலாம், அதில் தேறினால் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள இலக்கம் கிடைக்கும். ஆய்வாளருக்கு அடையாள இலக்கம் தரும் ஓர்கிட் கணக்கை முன்பே திறந்து வையுங்கள், அதுவும் இலவசம். இதழில் வருமுன்னே கட்டுரைகளைப் பகிரும் ஆர்கைவ் தளத்தில் முதன்முறை போடுபவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதியவரின் பரிந்துரை தேவைப்படும், எனவே மேற்பார்வையாளரிடம் கேட்டு வையுங்கள்.

இதழ்களுக்கு அனுப்பும்போது கட்டணத்தை அனுப்ப முன்பே பாருங்கள். திறந்த அணுகல் இதழ்கள் சில ஆயிரக்கணக்கான டொலர் கேட்கும். விலக்கு வேண்டுமானால் சமர்ப்பிக்கும்போதே கேட்க வேண்டும், ஏற்றுக்கொண்ட பின் கேட்டால் பல இடங்களில் தர மாட்டார்கள். "உங்கள் மதிப்புமிக்க கட்டுரையை ஏழு நாளில் பிரசுரிப்போம்" என்று வரும் மின்னஞ்சலைத் திறக்காமலே அழியுங்கள்.

10. வெளியே போய்ப் படிக்க விரும்பினால்

இத்தாலியின் திரியெஸ்தேயில் உள்ள அப்துஸ் சலாம் சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக நிலையம் சிக்கல் தொகுதிகள், தொற்றுநோய் மாதிரிகள் போன்றவற்றில் குறுகிய பயிற்சிகளை நடத்துகிறது. பதிவுக் கட்டணம் பொதுவாக இல்லை, வளர்முக நாட்டவருக்கு மட்டுப்படுத்திய பயண உதவியும் உண்டு. விண்ணப்பத்துக்குச் சுயவிபரம், ஏன் வருகிறேன் என்ற ஒரு பந்தி, பரிந்துரைக் கடிதம் ஆகியன வேண்டும். உதவி கேட்பவருக்கு முடிவுத் திகதி மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும். இதைத் தவறவிட்டவர்கள் பலர்.

விசாவுக்குக் கொழும்பு போக வேண்டும். வளர்ந்தவருக்கு ஷெங்கன் (இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு கடந்த 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளிலிருந்து மேலும் 3 மாதம் செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். அந்த 15 நாளை நம்பாதீர்கள், அழைப்புக் கடிதம் கையில் வந்த கிழமையே நேரம் பதிவு செய்யுங்கள். காலைச் சந்திப்பென்றால் முதல்நாள் இரவு ரயில் வசதி, மூலப் பிரதிகளையும் நிழற்பிரதிகளையும் வெவ்வேறு கோப்புகளில் கொண்டுபோங்கள்.